பட்டில் டக் ரேசர்: ஆழமில்லாத ஏரிக்கு ஓர் எட்டடிப் பாய்மரப் படகு

அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் ரவுத் என்பவர் 2003ஆம் ஆண்டு வடிவமைத்த பட்டில் டக் ரேசர் என்னும் சிறு பாய்மரப் படகின் வரைபடத்தை எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட இந்தப் படகுக்குக் கூர்மையான முன்முனை கிடையாது. நிமிர்ந்த இரண்டு பக்கப்பலகைகள், முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த தட்டையான அடிப்பலகை, இரு முனைகளையும் அடைக்கும் இரண்டு பலகைகள் ஆகியவற்றோடு உடல் முடிந்துவிடுகிறது. தடா, சூலூர்பேட்டை வட்டாரத்தில் பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையோரம் வாழும் ஒருவர், உள்ளூர் ஆசாரியின் உதவியுடன் இதைக் கட்டி, வண்டியில் ஏற்றிச் சென்று, நண்பர்களோடு போட்டியிட்டு ஓட்டுவது எந்த அளவுக்குச் சாத்தியம் என்ற கேள்வியோடுதான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சாத்தியம்தான், ஆனால் வரைபடம் இலவசம் என்பதால் படகும் மலிவாக முடிந்துவிடும் என்று நம்பி இறங்குகிறவர் பாதி வேலையில் நிறுத்திவிடுவார்.

செலவைத் தீர்மானிப்பவை ஒட்டுப்பலகையும் பசையும். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுக்கு நான்கு அடித் தாள்கள் மூன்று இருந்தால் உடலும், கவிழ்ந்தாலும் படகை மிதக்கவைக்கும் காற்றுப் பெட்டிகளும் அடங்கிவிடும். கடையில் "மரைன் பிளைவுட்" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்துக் காட்டுவார்கள் என்பதால், தாளின் மேல் ஐ.எஸ். 710 என்ற தர எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கான தரம், அலமாரிக்கு அது போதும், ஏரிக்குப் போதாது. முத்திரையை மட்டும் நம்பவும் நான் தயாரில்லை. வாங்குவதற்கு முன் தாளின் நான்கு விளிம்புகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளடுக்குகளுக்கு இடையில் விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி இருப்பதும், அதை மரத்தூளும் பட்டியும் வைத்து அடைத்திருப்பதும் தெரிந்துவிடும். உள்ளங்கை அளவு துண்டொன்றை வெட்டி வாங்கி, வீட்டில் ஒரு பாத்திரத்தில் நீரில் போட்டு நாள் முழுவதும் கொதிக்கவிடுவது இன்னும் நம்பகமான சோதனை. தரநிர்ணயம் கேட்பது 72 மணி நேரக் கொதிப்பு. நாமோ ஒரு பகல் கொதிக்கவிட்டாலே மட்டமான பலகை அடுக்கடுக்காக விரிந்து தன் குணத்தைக் காட்டிவிடும். வீட்டிலிருப்பவர்கள் எரிவாயு வீணாகிறது என்று முணுமுணுப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பசை விஷயத்தில் நம் கரையோரத்துக்கே உரிய ஒரு சபலம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகிவிட்டதால், அவற்றைச் செய்யவும் பழுதுபார்க்கவும் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மீன்பிடி ஊர்களில் எளிதாகவும் குறைந்த விலைக்கும் கிடைக்கிறது. வேலை தெரிந்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆயினும் பாலியெஸ்டர் ரெசின், பைபர் இழையோடு சேர்ந்து கெட்டியாவதைப் போல மரத்தோடு ஒட்டிப் பிடிப்பதில்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டபின் மரத்தைவிட்டு உரிந்து வரும். மரப்படகுக்கு, ரெசினையும் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரையும் கலந்து பூசும் எபாக்சிப் பசைதான் சரி. அதன் விலை பாலியெஸ்டரைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், மொத்தக் கணக்கில் பசைச் செலவு மரச்செலவுக்கு ஈடாகவே வந்து நிற்கும். நம் ஊர் வெப்பத்தில் கலந்த எபாக்சி கிண்ணத்திலேயே சூடேறிக் கட்டிபட்டுவிடும் ஆகையால், விடியற்காலையில் சிறு சிறு அளவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வைத்து வேலை செய்வது நல்லது. ரெசினையும் ஹார்டனரையும் கண்மதிப்பில் ஊற்றாமல் தராசில் நிறுத்துச் சேர்க்க வேண்டும் என்பதை எந்த ஆசாரியிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கட்டுமான வேலையில் வரைபடத்தின் பலம் வெளிப்படுகிறது. பக்கப்பலகையின் வளைவை மட்டும் அளவு பிசகாமல் வரைந்து வெட்டிவிட்டால், மற்றவை அதைப் பின்பற்றித் தாமாகவே வடிவத்துக்கு வருகின்றன. பக்கங்களின் கீழ்விளிம்பில் ரீப்பர் கட்டைகளைப் பசையிட்டுத் திருகாணியால் பொருத்தி, அந்தக் கட்டைகளின் மேல் அடிப்பலகையை வளைத்துப் பதிக்க வேண்டும். கதவும் கட்டிலும் செய்து பழகிய கைக்கு இதில் புதிராக எதுவுமில்லை. ஆசாரி வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல வளைவே ஒண்ணுதான் இருக்கு, மீதியெல்லாம் பெட்டி" என்று சொன்னது மிகச் சரியான விமர்சனம். பாய்மரத்துக்குக் கடலோரத் தோப்புகளில் கிடைக்கும் நேரான சவுக்குக் கம்பும், பாயைத் தாங்கும் குறுக்குக் கழிகளுக்கு மூங்கிலும் போதும். தார்ப்பாயை வெட்டி, விளிம்புகளை மடித்துத் தைத்தால் முதல் பருவத்துக்கான பாய் தயார். கயிறு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பாயைக் கட்டுப்படுத்தக் கையில் பிடித்து இழுக்கும் தாமான் கயிறு மெல்லிய நைலானாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளங்கையை அறுத்துவிடும்.

இதே வகையில் இன்னும் புகழ்பெற்ற படகுகள் உண்டு. 1947இல் கிளார்க் மில்ஸ் புளோரிடாவில் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் படகும் ஒட்டுப்பலகையில் வீட்டிலேயே கட்டிக்கொள்வதற்காகப் பிறந்ததுதான். 2.36 மீட்டர் நீளமும் 35 கிலோ எடையும் கொண்ட அந்த உடல், இன்று பெரும்பாலும் பைபரில் வார்க்கப்பட்டு, பதினைந்து வயது வரையுள்ள சிறுவர்களின் போட்டி வகுப்பாக உலகெங்கும் நிலைத்துவிட்டது. சென்னையிலோ வேறு நகரத்திலோ முறையான பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பக் கூடியவர்கள் அதைத்தான் நாட வேண்டும். 1960களில் இங்கிலாந்தில் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவோடு வெளிவந்த, ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் உருவாக்கிய மிரர் படகு 3.30 மீட்டர் நீளமுடையது. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து மூட்டுகளில் பசை நிரப்பும் முறையைப் பரவலாக்கியது அதுவே. ஓட்டுவதற்கு மிரர் எல்லா வகையிலும் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் கட்ட எடுக்கும் பொறுமையும் பொருளும் முதன்முறை கட்டுகிறவரிடம் இருக்குமா என்பதுதான் ஐயம்.

எடுத்துச் செல்வதில் எட்டடி என்ற அளவின் அருமை புரியும். குட்டியானை என்று எல்லோரும் அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டியின் தளம் ஏழடிக்குச் சற்றுக் கூடுதல். பின்கதவை இறக்கிவிட்டால் படகு சுமார் ஓரடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. அடியில் பழைய லாரி டயர்கள் இரண்டைப் போட்டு, படகைக் கவிழ்த்து வைத்து, விளிம்புகளுக்கு மேல் கயிறு போட்டு இருபுறமும் இறுக்கிக் கட்ட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் நெடுஞ்சாலைக் காற்று உள்ளே புகுந்து தூக்கும். பாய்மரம்தான் தொல்லை: படகைவிட நீளமான கம்பு பின்னால் நீட்டினால் முனையில் சிவப்புத் துணி கட்டாமல் நகரக் கூடாது. ஆரம்பாக்கத்தில் தமிழ்நாடு-ஆந்திர எல்லையைத் தாண்டும்போது, "என்ன சார், மாட்டுத் தொட்டியா?" என்று கேட்காதவர் குறைவு. நாலைந்து பேர் இருந்தால் கையாலேயே தூக்கிக் கரைவரை கொண்டு போகலாம் என்பதால், டிரெய்லருக்கு அவசியமே இல்லை.

தண்ணீரில் இதன் நடத்தை இடத்தைப் பொறுத்தது. பழவேற்காட்டு ஏரியில் பெரும்பாலான இடங்களில் ஆழம் ஆளுயரத்துக்கும் குறைவு. பல இடங்களில் முழங்காலளவுதான். இத்தகைய நீரில், காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் தடுக்க, நடுவில் செருகும் பலகையைவிட, வெளிப்பக்கத்தில் தொங்கி, சேற்றில் தட்டியதும் தானாக மேலே மடங்கும் தொங்குபலகையே பொருத்தமானது. சுக்கானும் அதேபோல் மடங்குமாறு அமைக்க வேண்டும். தட்டை அடிப்பலகை மிகக் குறைந்த நீரிலும் மிதப்பதோடு, எழுந்து உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தையும் போக்குகிறது. குறை, காற்றுக்கு எதிராக ஏறும்போது தெரிகிறது. பிற்பகலில் கடற்காற்று வலுத்துச் சிற்றலை எழும்போது, அகன்ற முன்பலகை ஒவ்வோர் அலையையும் அறைந்து நின்று நின்று போகும். நீர் முகத்தில் தெறிக்கும். படகை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடிப்பலகையின் மூலைவிளிம்பு நீரைக் கிழிக்குமாறு ஓட்டினால் இந்த அறைச்சல் கணிசமாகக் குறைகிறது. இரண்டு பெரியவர்கள் ஏறினால் இதுவும் முடியாது. இருவராக ஓட்ட விரும்புகிறவர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த, மைக்கேல் ஸ்டோரர் வடிவமைத்து பிலிப்பைன்ஸில் பரவலாக ஓட்டப்படும் பன்னிரண்டடி ஓஸ் கூஸ் படகைக் கட்டுவது மேல். அதற்குக் குட்டியானை போதாது என்பது வேறு கதை.

போட்டிக்கு இதன் விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உடலின் கீழ்ப் பத்து அங்குலம் எல்லாப் படகுகளிலும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளமைப்பு, பாய், பாய்மரம் எல்லாம் அவரவர் விருப்பம். ஆகவே பணம் அதிகம் செலவிட்டவர் வேகமான உடலை வாங்கி வென்றுவிட முடியாது. பாயை நன்றாக வெட்டியவரும் காற்றைப் படிக்கத் தெரிந்தவரும் முந்துகிறார்கள். இருபது லிட்டர் குடிநீர்க் கேன்களுக்கு நங்கூரக் கல் கட்டி மூன்று மூலைகளில் மிதக்கவிட்டால் பந்தயத் தடம் ஆயிற்று. பந்தயம் தொடங்க ஐந்து, நான்கு, ஒன்று என்று நிமிடங்களைக் கணக்கிட்டுக் கொடி காட்டும் முறையையும், இடப்புறத்திலிருந்து காற்று வாங்கி வருபவர் வலப்புறத்திலிருந்து காற்று வாங்குபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியையும் தொடக்கத்திலேயே பழக்கிவிட்டால் மோதலும் வாக்குவாதமும் குறையும். கரையில் நின்று பார்க்கும் மீனவப் பெரியவர்கள், பாய் தளர்ந்திருப்பதை நம்மைவிட முன்பே கண்டு கூவிச் சொல்லிவிடுகிறார்கள்.

'பாடு' என்று முறைவைத்து மீன்பிடிப்பதற்காக வலையும் கம்பும் நட்டிருக்கும் இடங்களை விலக்கித்தான் தடம் போட வேண்டும். அதற்கு அன்றைய பாடு யாருடையதோ அவர்களிடம் முன்கூட்டிப் பேசிவிடுவது முறை. ஏரியின் சரணாலயப் பகுதிகளிலும், பூநாரைகள் இறங்கும் இடங்களிலும், ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய தடைப் பகுதியிலும் நுழையவே கூடாது. இடுப்பளவு நீர்தானே என்று உயிர்காப்பு உடையைக் கரையில் விட்டுச் செல்பவர்களை நான் போட்டியில் சேர்ப்பதில்லை, சேறு காலைப் பிடித்துக்கொண்டால் இடுப்பளவும் ஆழம்தான்.

கட்ட நினைப்பவர்கள் ஆடியில் தொடங்கி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எபாக்சிப் பூச்சையும் அதன்மேல் வெயில் தாங்கும் பெயின்டையும் முடித்துவிட வேண்டும். ஈரக்காற்றில் பூசிய எபாக்சி மேற்பரப்பில் பிசுபிசுப்பாக ஒரு படலம் விட்டு, அடுத்த பூச்சைப் பிடிக்கவிடாது. மழைநீரால் ஏரி நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களே ஓட்டுவதற்கு ஏற்றவை. சித்திரைக்குப் பிறகு நீர் வற்றி, பல இடங்களில் படகை ஓட்டுவதைவிட இழுத்துக்கொண்டு நடப்பதே அதிகமாகிவிடும்.