செல்ஃப் செக்அவுட்டில் கூடிப்போகும் சில்லறை: கொழும்பில் நீண்ட நாள் பாவித்துப் பார்த்ததில்

கொழும்பின் பெரிய சுப்பர்மார்க்கெட் கிளைகள் சிலவற்றில் நாமே ஸ்கேன் பண்ணி நாமே காசு கட்டும் கவுண்டர்கள் இருக்கின்றன. கூடையில் பத்துச் சாமானுக்குள், எல்லாவற்றிலும் பார்கோடு இருக்கிறது, கையில் கார்ட் இருக்கிறது என்றால் இதைவிட வசதி வேறில்லை. வேலை விட்டு வரும் ஆறு மணிக் கூட்டத்தில் வரிசையில் நின்று கால் கடுக்கத் தேவையில்லை. ஆனால் தொடர்ந்து பாவிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பில்லில் ஐந்து, பத்து, சில வேளை ஐம்பது ரூபா கூடி நிற்பது அபூர்வமல்ல. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் இப்போது நாம்தான்.

மெஷின் களவெடுப்பதில்லை. அந்த பார்கோடுக்குக் கடைக் கொம்பியூட்டரில் என்ன விலை பதிந்திருக்கிறதோ அதைச் சொல்கிறது. ராக்கையில் தொங்கும் துண்டில் ஒரு விலை, பக்கற்றில் அச்சடித்தது இன்னொரு விலை, கொம்பியூட்டரில் மூன்றாவது விலை என்று இருந்தால், மெஷினுக்குத் தெரிவது கடைசியாகச் சொன்னது மட்டும். பழகின கேஷியர் என்றால் பக்கற்றைத் திருப்பிப் பார்ப்பார், வெங்காயம் உள்ளூரா இறக்குமதியா என்று கண்ணாலேயே சொல்வார், ‘பீப்’ இரண்டு தரம் அடித்தால் ஒன்றை அழிப்பார். அந்த வேலைகளைச் சம்பளமில்லாமல் நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

முதலில் அச்சடித்த விலை. இங்கே பால்மா, பிஸ்கட், சவர்க்காரம், பற்பசை என்று பெரும்பாலான பக்கற்றுகளில் ஆகக்கூடிய சில்லறை விலை போட்டிருக்கும். கம்பனி விலையை ஏற்றும்போது பார்கோடு மாறுவதில்லை. கடையில் விலைப் பதிவை மாற்றிவிடுவார்கள். ஆனால் ராக்கையின் பின்வரிசையில் 380 ரூபா அச்சடித்த பழைய பக்கற்றும் முன்வரிசையில் 400 ரூபாப் பக்கற்றும் சேர்ந்தே இருக்கும். சில கடைகளின் மென்பொருள் இப்படியான சாமானுக்கு இரண்டு விலையையும் காட்டி எது என்று கேட்கும். கேட்காத மெஷின், இரண்டுக்கும் 400 போடும். பக்கற்றில் உள்ள விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் விதி. அந்த விலையை அழிப்பதும் மேலே வேறு விலை ஒட்டுவதும்கூடக் குற்றம். ஆகவே பார்கோடைத் தேடிப் பக்கற்றைத் திருப்பும்போதே, காலாவதித் திகதிக்குப் பக்கத்தில் இருக்கும் விலையையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். விலை ஏற்றம் செய்தியில் வந்த வாரங்களில் இது கட்டாயம்.

தண்ணீர்ப் போத்தலுக்கு அரசாங்கமே உச்ச விலை வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100, ஒன்றரை லீற்றருக்கு 130. இப்படி வர்த்தமானியில் வந்த உச்ச விலையை மீறும் நிறுவனத்துக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபா வரை தண்டம். அதனால் இந்த விஷயத்தில் கிளை மனேஜர்மார் அதிகம் வாதாட மாட்டார்கள்.

ராக்கைத் துண்டு வேறு கதை. அதில் பார்க்க வேண்டியது பெரிய எழுத்து விலையை அல்ல, சின்ன எழுத்துகளை: கிராம் அளவு, பார்கோடின் கடைசி நாலைந்து இலக்கம், சலுகை முடியும் திகதி. 400 கிராம் பக்கற்றின் துண்டுக்கு மேலே 350 கிராம் பக்கற்றை அடுக்கியிருப்பார்கள். முடிந்துபோன சலுகையின் துண்டு இரண்டு மூன்று நாள் கழற்றாமல் தொங்கும். சந்தேகம் வந்தால் போனில் ஒரு படம், துண்டும் சாமானும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி. கவுண்டரில் பேச்சு வளராமல் இருக்க இந்தப் படம் போதும்.

காசு அதிகம் ஒழுகுவது நிறுத்து வாங்கும் சாமான்களில். கடைக்குக் கடை முறை வேறு. மரக்கறிப் பகுதியிலேயே ஊழியர் நிறுத்து லேபல் ஒட்டித் தந்தால், லேபலை அந்த இடத்திலேயே வாசியுங்கள். அவர் தட்டிய இலக்கம் ஒன்று பிசகினால் கரட்டுக்குப் போஞ்சி விலை விழும், செக்அவுட் மெஷின் மறுபேச்சில்லாமல் அதை ஏற்றுக்கொள்ளும். லேபலில் கிலோ விலை 420, எடை 0.385 என்றிருந்தால் தொகை 161.70 வர வேண்டும். இந்த லேபல்களின் பார்கோடு பொதுவாக 2 என்ற இலக்கத்தில் தொடங்கும். உள்ளூர்க் கம்பனிச் சாமான்களின் பார்கோடு பெரும்பாலும் 479 என்று தொடங்கும், அது இதில் இராது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. அதற்கு முந்திய ஐந்து இலக்கங்களில் தொகையோ எடையோ ஒளிந்திருக்கும், 16170 என்றோ 00385 என்றோ. தொகை உள்ளே இருக்கும் வகை என்றால், ஒட்டிய பிறகு கடை விலையைக் குறைத்தாலும் அந்தப் பைக்குக் குறையாது. மத்தியானம் விலைக்கழிவு தொடங்கும் நாளில் காலையில் ஒட்டிய கோழி இறைச்சியை எடுத்தால், மறுபடி நிறுக்கச் சொல்ல வேண்டும்.

செக்அவுட்டிலேயே படத்தைத் தொட்டு நிறுக்கும் முறை என்றால் தவறு நம் விரலில். உள்ளூர் உருளைக்கிழங்கும் இறக்குமதியும் ஸ்கிரீனில் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கும். கோழிக்கூடு வாழைப்பழமும் அம்புலும் அப்படியே. விலையோ எட்டாத தூரம். படத்தை நம்பாமல், தொட்டதும் வரும் கிலோ விலையை ராக்கைப் பலகையில் பார்த்த விலையோடு ஒப்பிடுங்கள். அப்பிள், தோடம்பழத்தில் ஒட்டியிருக்கும் நாலு இலக்க எண் (பச்சை அப்பிளில் 4017 மாதிரி) சர்வதேசக் கோடு. கடைக்குச் சொந்தக் கோடு இருந்தால் அதை அடிக்கும்போது வேறு சாமான் வந்து நிற்கும்.

இனித் தராசு. பல மெஷின்களில் ஸ்கேன் பண்ணும் கண்ணாடித் தட்டே தராசு. ஒன்றும் வைக்காதபோது 0.000 காட்ட வேண்டும். தோள்பையின் பட்டி தொட்டுக்கொண்டிருந்தாலோ, முந்தின ஆள் விட்டுப்போன வெங்காயத் தோல் குவிந்திருந்தாலோ ஐந்து பத்துக் கிராம் ஏறிவிடும். இறால், மீன், வெட்டிய பழம் மாதிரித் தட்டில் வரும் சாமானுக்குத் தட்டின் எடையைக் கழிக்க வேண்டும். கிலோ 3,000 ரூபா இறாலில் 20 கிராம் தட்டு என்றால் 60 ரூபா பிளாஸ்டிக்குக்குப் போகிறது. தட்டு எடை கழிக்கும் பொத்தான் ஸ்கிரீனில் இல்லாவிட்டால் மீன் பகுதியிலேயே நிறுத்து வாங்குங்கள். அங்கே வெறும் தட்டை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு நிறுக்கிறார்களா என்று கண்ணெதிரே பார்க்கலாம்.

இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாய் வாங்குகிறவர்கள் தராசின் முகப்புத் தகட்டையும் பார்ப்பது நல்லது. ‘Min 100 g, e = 5 g’ (குறைந்தபட்ச எடை, எடை ஏறும் படி) என்கிற மாதிரிப் பொறித்திருக்கும். 100 கிராமுக்குக் கீழே அந்தத் தராசை நம்ப வேண்டாம் என்பதே அதன் பொருள். ஐந்து கிராம் படியாக ஏறும் தராசில் 62, 63 கிராம் இஞ்சி 60 ஆகவும் நிற்கும், 65 ஆகவும் நிற்கும். கிலோ 2,000 ரூபா என்றால் வித்தியாசம் 10 ரூபா. இரண்டு வாரத்துக்குத் தேவையானதைச் சேர்த்து நிறுத்தால் இந்தப் பிசகு கரைந்துவிடும். வியாபாரத் தராசுகளை 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும்.

ஸ்கேன் பண்ணும்போது வரும் தவறுகள் சின்னவை, ஆனால் அடிக்கடி வருபவை. பக்கற்றைக் கண்ணாடி மேல் மெதுவாக இழுத்தால் ஒரே கோடு இரண்டு தரம் பதியலாம். ஸ்கேன் பண்ணிய சாமானை வைக்கும் பைத்தட்டின் பாதுகாப்புத் தராசு ஏதோ குழம்பி ‘சாமானைப் பைக்குள் வையுங்கள்’ என்று அடம்பிடிக்கும்போது, பதியவில்லையாக்கும் என்று மறுபடி ஸ்கேன் பண்ணுவதுதான் இரட்டை விலையின் பிரதான காரணம். அந்த நேரம் பட்டியலின் கடைசி வரியைப் பாருங்கள்; சாமான் அங்கே இருந்தால் பதிந்துவிட்டது. மூன்று சவர்க்காரக் கட்டில் வெளி உறையில் ஒரு கோடும், உள்ளே ஒவ்வொன்றிலும் தனிக் கோடும் இருக்கும். கட்டு விலை வர வேண்டுமென்றால் உள்கோடுகளைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டிய பாணிலும் இதே கதை: பழைய கோடு மூடப்படாமல் இருந்தால் மெஷின் அதைத்தான் முதலில் கவ்வும். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் இலவசமானதையும் ஸ்கேன் பண்ண வேண்டும். மூன்றாவது பதிந்த பிறகுதான் பட்டியலில் கழிவு தோன்றும்.

சொப்பின் பேக் தனி. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி உள்ள பொலித்தீன் பையைக் கடைகள் சும்மா தர முடியாது, விலை பில்லில் தெரிய வேண்டும். வீட்டிலிருந்து பை கொண்டுவந்தவர் ‘எத்தனை பை’ என்ற கேள்விக்குப் பூச்சியம் போட்டதை உறுதிப்படுத்தினால் போதும்.

கழிவுகள்தான் செல்ஃப் செக்அவுட்டின் பலவீனமான பக்கம். அங்கத்தவர் விலை வேண்டுமென்றால் போன் இலக்கத்தைத் தொடக்கத்திலேயே அடியுங்கள். காசு கட்டிய பிறகு சேர்க்க முடியாத மெஷின்கள் உண்டு. வங்கிக் கிறெடிட் கார்ட் கழிவு பெரும்பாலும் குறித்த நாட்களில், மரக்கறி, பழம், மீன், இறைச்சிக்கு மட்டும், குறைந்தபட்சத் தொகையும் உச்சக் கழிவும் வைத்து வரும். கார்டின் முன்னிலக்கங்களைப் பார்த்துத்தான் எந்த வங்கி என்று கணினி அறிகிறது. அதனால் போனைத் தட்டிக் கட்டுவதைவிட அந்தக் கார்டையே செருகுவது உத்தமம். கியூஆர் கோடில் கட்டினால் கார்ட் கழிவை எதிர்பார்க்க வேண்டாம். கார்டின் PIN இலக்கத்தை அடிக்கும் முன் ஸ்கிரீனில் மொத்தம் குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் அந்த இடத்திலேயே ரத்துச் செய்து உதவியாளரைக் கூப்பிடுங்கள். ‘பிறகு வரும்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

பில்லின் அடியில் தெரியும் 18 வீத வற் வரி மேலதிகமாக எடுத்ததல்ல, விலைக்குள் அடங்கியதன் கணக்கு. அதற்காகச் சண்டை பிடிப்பவர்களைக் காணலாம். வீண்.

‘கட்டு’ பொத்தானைத் தொடும் முன் சாமான் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நிறுத்து வாங்கிய பை எவ்வளவு பெரிதானாலும் ஒரு சாமான்தான். இந்தக் கட்டத்தில் பிழை கண்டால் உதவியாளர் தன் கோட் இலக்கத்தை அடித்து ஒரு நொடியில் அந்தச் சாமானைப் பட்டியலிலிருந்து நீக்குவார். கட்டிய பிறகு அது மீளளிப்பாக மாறி, பில், சாமான், வாடிக்கையாளர் மேசை என்று இழுபடும். கார்டுக்குத் திரும்பி வர நாட்கள் எடுக்கும், ஆகவே சின்ன வித்தியாசத்தைக் காசாகக் கேளுங்கள். வெப்பத்தாள் பில் மங்கிவிடும், படம் எடுத்து வையுங்கள். கிளை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்தில் முறையிடுவதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள், கொழும்பு 2 வொக்ஸோல் வீதியிலுள்ள அதிகார சபைக்கு.

மாதச் சாமானுக்கும், ஏழெட்டு வகை மரக்கறி நிறுக்கும் நாளுக்கும், குறைப்பு ஸ்டிக்கர் சாமான் நிறைய உள்ள கூடைக்கும் இந்த மெஷின் தோதில்லை. அவற்றைக் கேஷியரிடம் கொடுத்துவிட்டு, அவர் தட்டும்போது வாடிக்கையாளர் பக்கம் திருப்பியிருக்கும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நிற்பதே இலாபம்.