சைட்டிங் காம்பஸ்: மூன்று வகையையும் பல வருடம் சுமந்த பிறகு

சைட்டிங் காம்பஸ், அதாவது தூரத்துப் பொருளைக் குறிபார்த்து அதன் திசையை டிகிரியில் எடுக்கும் காம்பஸ், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தூரத்தில் தெரிகிற சிகரத்தைக் குறிபார்த்து 214 டிகிரி என்று எடுத்துவிட்டீர்கள், சரி, அந்த 214-ஐ வைத்து அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்? நோட்டில் எழுதப்போகிறீர்களா, மேப்பில் கோடாக இழுக்கப்போகிறீர்களா, இல்லை அந்தத் திசையிலேயே நடக்கப்போகிறீர்களா? கடைக்காரர்களும் வீடியோ போடுகிறவர்களும் குறிபார்ப்பது எத்தனை துல்லியம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காட்டில் நேரத்தைத் தின்பது அதற்குப் பிறகு வருகிற வேலைதான்.

என்னிடம் இருப்பவை மூன்று வகை. மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த சூன்டோ எம்சி-2, அதுவும் உலகில் எங்கும் பயன்படும்படி சமன்செய்த குளோபல் ஊசி உள்ள ரகம். நில அளவைக்காரர்கள் வைத்திருக்கிற அலுமினியக் கட்டி மாதிரியான சூன்டோ கேபி-14. அப்புறம் சின்ன லென்ஸ் வழியே எண்ணைப் படிக்கும் அமெரிக்க ராணுவ பாணி லென்சாடிக், கம்மெங்கா 3எச். கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிகள், நீலகிரி, இமாச்சல் என்று மாறி மாறி மூன்றையும் எடுத்துப்போய்ப் பார்த்திருக்கிறேன்.

துல்லியம் என்று பார்த்தால் கேபி-14 பக்கத்தில் மற்ற இரண்டும் வர முடியாது. அரை டிகிரிக்கு ஒரு கோடு இருக்கிறது, கை பழகினால் இரண்டு கோட்டுக்கு நடுவிலும் மதிப்பிடலாம். பார்க்கும் விதமே தனி: இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் உள்ளே இருக்கும் அளவையும் மறு கண்ணால் மலையையும் பார்க்க வேண்டும், இரண்டு பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மயிரிழை போன்ற கோடு ஒன்று மலை உச்சியின் மேலேயே நிற்பது போலத் தெரியும். முதல் தடவை அது தெரியும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் இரண்டு கண்ணின் நேர்கோடும் லேசாகப் பிசகி இருப்பவர்களுக்கு இந்த முறையே பிழை தரும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளிப்பார்வைக் கண்ணை ஒரு தடவை மூடி, கருவியின் மேல்விளிம்புக்கு நேராகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் இனி ஒற்றைக் கண்தான். மூக்குக்கண்ணாடியின் ஃபிரேம் இரும்பு கலந்தது என்றால் அதுவும் ஊசியை இழுக்கும், ஏனென்றால் கருவி கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. தலையில் மாட்டும் டார்ச்சும் அப்படித்தான்.

இத்தனை துல்லியத்தையும் வைத்துக்கொண்டு நடைப்பயணத்தில் என்ன செய்ய? சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 மேப்பில் 1 கிலோமீட்டர் என்பது 2 சென்டிமீட்டர். ஒரு டிகிரி தப்பினால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 17 மீட்டர் விலகுவோம், மேப்பில் அது 0.35 மில்லிமீட்டர். அதாவது என் பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். அரை டிகிரி எடுத்து, அதை ஈரமான மேப்பில், முழங்காலில் வைத்து, தனிப் பாகைமானியால் குறிக்கிறபோது அந்த அரை டிகிரி எங்கே போயிற்று என்றே தெரியாது. கேபி-14-இல் மேப்பின் மேல் வைக்கும் தட்டையான அடித்தட்டும் கிடையாது, எடுத்த திசையைப் பிடித்து வைக்கும் சுழல்வளையமும் கிடையாது, எனவே எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் அல்லது எழுத வேண்டும். ஒரு தடவை நான் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது கூட வந்த வழிகாட்டி, "இதைப் பாத்துக்கிட்டே நின்னா இருட்டிரும் சார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குகை அளப்பவர்களுக்கும், காட்டில் மரக்கணக்கு எடுப்பவர்களுக்கும், தோட்டத்து எல்லை பார்ப்பவர்களுக்கும் இதைவிட நல்ல கருவி சொல்ல மாட்டேன். நடக்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

கண்ணாடி காம்பஸ் இங்கேதான் ஜெயிக்கிறது. முகத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பிடித்து, மூடியை நாற்பத்தைந்து டிகிரி போலச் சாய்த்து, மேலே இருக்கும் வெட்டில் சிகரத்தை நிறுத்தி, கண்ணாடியில் தெரியும் ஊசி அம்புக்குறிக்குள் வந்து உட்காரும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். எண் என்ன என்று படிக்கக்கூடத் தேவையில்லை, வளையமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்படியே மேப்பின் மேல் வைத்து, வடக்குக் கோடுகளை ஒத்துப்பார்த்து, விளிம்போரம் பென்சிலை இழுத்துவிடலாம். கண்ணாடியின் நடுக்கோடு ஊசியின் மையப்புள்ளி வழியாகப் போகிறதா என்பதை மட்டும் விடாமல் பாருங்கள், அது கோணலாக இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வேகம் ரொம்ப முக்கியம். மூடுபனி ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ விலகும், எதிர் முகடு தெரியும், உடனே மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் ஒரு பேரிங் (திசைக் கோணம்) எடுத்து வளையத்தில் பூட்டிவிட்டால் போதும், மேப்பில் போடுவதைப் பனிக்குள் உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம். கோடு இரண்டு டிகிரிக்கு ஒன்றுதான், இருந்தாலும் எனக்குப் போதவில்லை என்று தோன்றியதே இல்லை. சாதாரண அடித்தட்டு காம்பஸை இடுப்புயரத்தில் பிடித்துப் பார்த்தால் ஐந்து டிகிரி தப்புவது சகஜம். ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள சிகரத்துக்கு அது நானூறு மீட்டருக்கு மேல். கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுப்பது இந்த வித்தியாசத்துக்காக. ஒரு கிலோமீட்டருக்குள் ஓடை, பாதை என்று பார்த்து நடப்பவர்களுக்கு விலை குறைந்த அடித்தட்டே தாராளம். அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு: மழைக்காலத்தில் பிடரியில் அட்டை ஏறியிருக்கிறதா என்று யாரையும் கேட்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

லென்சாடிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3எச் கீழே விழுந்தாலும் கவலைப்பட வேண்டாத உறுதி, உள்ளே திரவமே இல்லை, தாமிரக் கிண்ணத்தில் எழும் மின்தூண்டல்தான் ஆடும் திசைவட்டை நிற்க வைக்கிறது, அதனால் குமிழி வரும் பேச்சே இல்லை. இரவில் உள்ளே இருக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவால் எழுத்துகள் தானாகவே ஒளிரும், அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12 வருடம் சொச்சம் என்பதால் பழையது வாங்கும்போது தயாரித்த வருடம் பாருங்கள். ஆனால் டிகிரி கோடு ஐந்துக்கு ஒன்று, வெளி வட்டம் முழுச்சுற்றை 6400 பங்காகப் பிரிக்கும் மில் கணக்கு, பீரங்கிக்காரர்களுக்கு வசதி. ஆன்லைனில் பச்சை நிறத்தில் இதே உருவத்தில் மலிவாகக் கிடைக்கிறவை வேறு சாதி, நான் பார்த்த ஒன்றில் குறிபார்க்கும் கம்பியே கோணலாக இருந்தது.

இப்போது நம்மூர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய சங்கதி. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் வந்ததற்கே அதுதான் காரணம். அதாவது தென் தமிழ்நாட்டில் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருக்கிறது. ஐரோப்பாவிலோ ஊசியின் வடமுனையைப் புலம் நன்றாகவே கீழே இழுக்கும், அதைச் சரிக்கட்ட ஊசியின் தென்முனைப் பக்கம் எடை வைத்துத் தயாரிக்கிறார்கள். அந்த ஊசி இங்கே வந்தால் தென்முனை தாழ்ந்து அடியில் உரசும், வளையத்தைத் திருப்பினால் ஊசியும் கூடவே தயங்கித் தயங்கி வரும். இமாச்சலுக்கு இதே காம்பஸைக் கொண்டுபோனால் அவ்வளவு தொல்லை தெரியாது, அங்கே காந்தப்புலத்தின் சாய்வு ஐம்பது டிகிரி அளவுக்கு வந்துவிடும். ஆகவே பெட்டியில் வட அரைக்கோளம் என்று மட்டும் போட்டிருந்தால் திருநெல்வேலிக்காரர் அதை எடுக்க வேண்டாம். நடுக்கோட்டு மண்டலத்துக்கு உரியது அல்லது குளோபல் ஊசி என்று கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் குளோபல் ஊசி சுற்றுகிறது, காற்று அடிக்கிற முகட்டில் கை நடுங்கும்போது அது பெரிய உதவி.

இதற்கு நேர்மாறாக, காந்த விலக்கம், அதாவது ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம், அதைச் சரிசெய்யும் திருகுக்கு நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அது மேற்கே ஒன்று, இரண்டு டிகிரிதான், இமாச்சலில் கிழக்கே இரண்டு, மூன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பதினைந்து டிகிரி என்பதால் அங்கே எழுதுகிறவர்கள் அந்தத் திருகு இல்லாவிட்டால் வாங்காதே என்கிறார்கள். இருந்தால் நல்லது, அவ்வளவே. அடித்தட்டில் அச்சிட்ட மேப் அளவுகோலைப் பாருங்கள், அமெரிக்கப் பதிப்பில் 1:24,000 இருக்கும், நம் மேப்புக்கு அது உதவாது.

சேலம் கஞ்சமலைப் பக்கம் போகிறவர்கள் எந்தக் காம்பஸையும் அப்படியே நம்பக் கூடாது. அந்த மலையே மேக்னடைட் இரும்புத்தாது. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் குறிபார்த்துப் பாருங்கள், வித்தியாசம் 180 வர வேண்டும். வரவில்லையென்றால் இருவரில் ஒருவர் நிற்கும் இடத்தில் பாறை இழுக்கிறது, கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. சில அடி நகர்ந்து மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. லடாக்கின் லே மாதிரி உயரத்தில் ஊசி மிதக்கும் திரவத்தில் சின்னக் குமிழி வந்து கீழே இறங்கியதும் மறைந்தால் விட்டுவிடுங்கள், ஊசியில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்தால்தான் மாற்ற வேண்டும். செல்போன் இருக்கும் பாக்கெட்டில் காம்பஸைப் போடாதீர்கள், ஸ்பீக்கர் காந்தமும் மூடும் உறையில் உள்ள காந்தமும் ஊசியைத் தலைகீழாக மாற்றிவிடக்கூடும், அப்புறம் சிவப்பு முனை தெற்கைக் காட்டும். கிளம்பும் முன் காலைச் சூரியனோடு ஒருமுறை ஒத்துப்பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். நான் காம்பஸைத் தோள்பட்டை வாரிலும், போனைப் பையின் அடிப்பக்கத்திலும் வைக்கிறேன்.