தப்பியாவா, பொமோட்-ஓக்கா? படிவயல் வழியே அருவிக்கு இரண்டு பாதைகள்

பிலிப்பைன்ஸின் கோர்டில்லேரா மலைகளில், நெல் வயல் வரப்பிலேயே நடந்து அருவிக்குப் போக இரண்டு பேர்பெற்ற பாதைகள் இருக்கின்றன. ஒன்று இஃபுகாவ் மாகாணத்தில் பதாட் கிராமம் வழியாகத் தப்பியா அருவிக்கு. இன்னொன்று பக்கத்து மவுண்டன் பிராவின்ஸ் மாகாணத்தில் சகாடாவிலிருந்து பொமோட்-ஓக் அருவிக்கு. மணிலாவிலிருந்து இரவு பஸ் ஏறினால் காலையில் பனாவே, பதாட்டுக்குப் போகும் வாசல் ஊர். பனாவேயிலிருந்து பொந்தோக் வழியாகச் சகாடா இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். "ரெண்டில் ஒன்று போதுமே, எது?" என்று கேட்பவர்களுக்காக இது. போன மே மாதம் ஒன்பது பேர் போனோம். அதில் நண்பனின் அம்மா ஒருவர், அறுபதைத் தொட்டவர், தஞ்சாவூர் பக்கம் விவசாயக் குடும்பம். இரண்டு இடங்களையும் எடைபோட அவர்தான் சரியான தராசு.

முதலில் வயல். இதில் போட்டியே இல்லை, பதாட்தான். ஊரைச் சுற்றி மலை அரைவட்டமாக வளைந்திருக்க, அடியிலிருந்து உச்சி வரை கல் சுவர் வைத்துக் கட்டிய வயல்கள். 1995இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்து படிவயல் தொகுதிகளில் இதுவும் ஒன்று. ஆளும் பராமரிப்பும் குறைந்து 2001இல் அபாயப் பட்டியலுக்குப் போய், 2012இல் மீண்டது. 20 பெசோ நோட்டில் பார்க்கிற பனாவே வயல் அந்த ஐந்தில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ரோட்டோரம் நின்று அதைப் படம் பிடித்துவிட்டு ஊர் திரும்பாதீர்கள்.

இரண்டாயிரம் வருடப் பழமை என்று எல்லா விளம்பரத்திலும் போட்டிருக்கும். தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோவின் காலக்கணிப்பு வேறு மாதிரி. மலையில் முன்பு சேம்பு பயிரிட்டிருந்தார்கள். நெல் வயல்கள் பெருகியது ஸ்பானியர் வந்த பிறகு, சுமார் 400 வருடத்துக்குள் என்கிறார். எனக்கு இந்தக் கணக்குதான் இன்னும் மலைப்பாக இருக்கிறது. இவ்வளவு கல்லை இவ்வளவு சீக்கிரத்தில் அடுக்கியிருக்கிறார்கள்!

வரப்பு என்றதும் நம்மூர் மண் வரப்பை நினைக்காதீர்கள். பதாட்டில் சுவரின் மேல்தலைதான் பாதை. ஒரு பக்கம் முழங்கால் சேறு, மறுபக்கம் ஆளுயரத்துக்கு மேல் பள்ளம். விழுவதென்றால் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். சேற்றுப் பக்கம்தான் உத்தமம். எங்களில் ஒருவன் அப்படித்தான் இடுப்பு வரை நனைந்தான். மேல் வயலுக்கு ஏற, சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. ஒருவர் பயந்து நின்றால் பின்னால் எட்டுப் பேரும் நிற்க வேண்டும். கூட்டமாகப் போவதில் இந்தத் தொல்லை இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனார். நடுவில் குனிந்து ஒரு பயிரைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கதிர் பொதி கட்டலையே, நீண்ட நாள் பயிரா இருக்கும்" என்றார். சரியாகச் சொன்னார். இங்கே பாரம்பரிய நெல்லுக்குத் தினாவோன் என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை என்று அர்த்தம். ஏப்ரல், மே பச்சை. ஜூன் கடைசி, ஜூலையில் பொன்னிறம், அறுவடை. அதற்குப் பின் மழையும் புயலும், மண்சரிவும்.

அருவிக்கு இறங்குவது தனிக் கதை. வயலின் மறுகரை ஏறி முகட்டைத் தாண்டினால் செங்குத்தாகப் படிகள், நிழல் கிடையாது. அம்மா முகட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "வயல் எனக்கு, அருவி உங்களுக்கு" என்றார். கீழே தப்பியா காற்றோடு தெறிக்கிறது, பாறைகள் பெரிது, இழுப்பும் பலம். குளிக்கலாம், ஆனால் விழும் இடத்துக்குக் கீழே போக வேண்டாம்.

இனி சகாடா. இங்கே வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. ஊர் அலுவலகத்தில் பெயர் பதிந்து, ஆள் எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஊன்றிக்கொள்ள ஒரு கம்பை நீட்டியதும் எரிச்சல் போய்விட்டது. கூலியைக் குழுவாகப் பங்கிட்டால் பெரிய தொகையும் இல்லை. ஐந்நூறு படி என்று சொல்கிறார்கள், நான் எண்ணவில்லை. படி இறங்கி, ஃபிடெலிசான் கிராமத்து வீடுகளுக்கு நடுவே புகுந்து, வயலைத் தாண்டினால் அருவி. வயல் சின்னது, பதாட்டைப் பார்த்த கண்ணுக்குச் சாதாரணம். ஆனால் அருவியில் பொமோட்-ஓக்தான் ஜெயித்தது. உயரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், இங்கே பாறைச் சுவருக்கு அடியில் அகலமான குளம், உட்கார இடம், பல் கிட்டிக்கும் குளிர் தண்ணீர். அம்மாவும் இறங்கினார், கம்பு உதவியால்.

ஒரு எச்சரிக்கை. ஃபிடெலிசான் பக்கம் சடங்கு நாள் வந்தால் வெளியாருக்குப் பாதையை மூடிவிடுவார்கள். ஒபாயா என்று பெயர், வயல் வேலைக்கே விடுமுறை. நம்மூரில் காப்புக் கட்டினால் எல்லை தாண்டக்கூடாது என்போமே, அந்த மாதிரி. பேரம் பேசிப் பயனில்லை. தேதியை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம்: பதாட் பக்கத்தில் பங்கான் என்று ஒரு யுனெஸ்கோ கிராமம் உண்டு, பொமோட்-ஓக் நடை தொடங்கும் இடத்துக்கும் அதே பெயர். வண்டிக்காரரிடம் மாகாணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பணம், சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதாட்டில் ரோடு முடிந்த பிறகு எல்லாம் மனிதத் தோளில் வருகிறது. தண்ணீர் பாட்டில் விலை கூடினால் முணுமுணுக்காதீர்கள். சகாடாவில் கடைகள் உண்டு. பதாட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிற ஜீப்னிப் பயணம் (ஜீப்னி என்பது அங்கத்திய ஷேர் வண்டி) வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள். விடியலில் வயல் தண்ணீரில் வானம் தெரிகிற அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அங்கே போவதே.

அரைநாள்தான் இருக்கிறது, குழந்தைகளும் பெரியவர்களும் கூட வருகிறார்கள் என்றால் சகாடா. ஒன்றரை நாளும் நல்ல முட்டியும் இருந்தால் பதாட். அப்புறம், இரண்டுக்கும் போவதாக இருந்தால் சகாடாவை முதலில் முடியுங்கள். நாங்கள் தலைகீழாகப் போனோம். பொமோட்-ஓக்கிலிருந்து திரும்பி ஏறும்போது வயலை யாரும் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் அடுத்த படியில்தான்.