எஸ்டிசி-1000: ஊட்டிக் குளிரில் கப்பி மீன் தொட்டிக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படியும். அங்கே திறந்தவெளித் தொட்டியில் கப்பி, மோலி மீன்கள் தெம்பாக இருக்க 22 முதல் 24 டிகிரி வெப்பம் வேண்டும். ஹீட்டரை அந்த அளவில் ஏற்றி இறக்க மலிவாகக் கிடைப்பது எஸ்டிசி-1000. ஒரே எண்ணில் பல நிறுவனங்கள் விற்கின்றன. வாங்கும்போது 220 வோல்ட் வகைதானா என்று பாருங்கள்.

நீரில் தொங்கும் உணரி (சென்சார்) வெப்பத்தை 0.1 டிகிரி வரை காட்டும். துல்லியம் என்னவோ கூட்டிக் குறைத்து 1 டிகிரிதான். பனிக்கட்டித் தூளும் நீரும் கலந்த குவளையில் உணரியை வைத்துப் பாருங்கள். 0 காட்டாவிட்டால், கருவியின் அமைப்புகளில் எஃப்4-இல் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யலாம். வேண்டிய வெப்பத்துக்கான எஃப்1-இல் 24, எவ்வளவு இறங்கலாம் என்பதற்கான எஃப்2-இல் 0.5 வைத்தால் 23.5-க்கு இறங்கியதும் ஹீட்டர் எரியும், 24-இல் அணையும்.

வயரிங்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1, 2 முனைகள் கருவிக்கான மின்சாரம். 3, 4 உணரி. 5, 6 ஹீட்டர். இந்த 5, 6 வெறும் சுவிட்ச்தான், தானாக மின்சாரம் தராது. லைன் வயரை 5-இல் கொடுத்து 6-இலிருந்து ஹீட்டருக்கு எடுக்க வேண்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இதைத் தொடவே கூடாது. கருவி ஈரம் தாங்காது. வீட்டுக்குள் வைத்து உணரி வயரை மட்டும் வெளியே நீட்டுங்கள்.

உண்மையான ஆபத்து இரண்டு. நீர்மட்டம் இறங்கி உணரி வெளியே தெரிந்தால், அது குளிர்காற்றை அளந்து ஹீட்டரை விடாமல் எரிய விடும். கருவிக்குள் சுவிட்சாக வேலை செய்யும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதி, மீன் வெந்துபோகும். அதனால் வைத்த சூட்டில் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் உள்ளேயே உள்ள ஹீட்டர் வாங்கி, அதை 27-இல் நிறுத்துங்கள். ஒரு 300 வாட்டை விட இரண்டு 150 வாட் மேல்: ஒன்றின் தெர்மோஸ்டாட் கெட்டாலும் பாதிச் சூடுதான் ஏறும். உணரியைப் பாதி ஆழத்தில், ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம் கட்டுங்கள். குமிழி விடும் காற்றுக்கல் ஹீட்டர் பக்கம் இருக்கட்டும்.

ஆனால் தொட்டியை மூடாமல் இந்தக் கருவியை வாங்குவது வீண் செலவு. 1 மீட்டர் விட்டமுள்ள 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, நீர் 24, வெளியே 4 டிகிரி என்று வையுங்கள். திறந்து கிடந்தால் ஆவியாதல், கதிர்வீச்சு, பக்கச்சுவர் எல்லாம் சேர்ந்து இழப்பு 600 வாட்டைத் தாண்டும். 300 வாட் ஹீட்டர் இரவு முழுக்க எரிந்தாலும் நீர் இறங்கிக்கொண்டே போகும். மேல், பக்கம், அடி மூன்றிலும் 50 மில்லிமீட்டர் தெர்மாகோல் இடைவெளியின்றிப் போர்த்தினால் இழப்பு 40 வாட் அளவுக்கு வந்துவிடும். 500 லிட்டரை 1 டிகிரி குளிர்விக்க சுமார் 580 வாட்-மணி போக வேண்டும் என்பதால், இரவு முழுக்க மின்சாரம் போனாலும் ஒரு டிகிரிக்கு மேல் இறங்காது. மூடாத தொட்டியில் அது ஒரு மணி நேர வேலை. மூடியில் காற்றுக்குழாய் நுழையவும் காற்று வெளியேறவும் ஒரு சிறு துளை போதும். பகலில் வெயில் ஏறியதும் மூடியைத் திறந்து வையுங்கள், செடிகளுக்கு வெளிச்சம் வேண்டும்.

உணரி அறுந்தால் திரையில் ‘EE’ என்று வந்து பஸ்ஸர் கத்தும். மாற்று உணரி 10 கிலோஓம் என்டிசி (சூடு ஏறினால் மின்தடை குறையும் வகை). தனியாகவே கிடைக்கும், குளிருக்கு முன்பே ஒன்று வாங்கி வையுங்கள்.