பையில் கத்தியா, கையில் மனுவா?

நிருபர் தம்பி ஒருவன் கேட்டான்: “ஏனுங்கண்ணா, கோவை பீளமேடு விமான நிலையத்துல சோதனை எப்படி இருக்குன்னு பார்க்க, ஒரு சின்னக் கத்தியை மறைச்சுக் கொண்டுபோய்ச் செய்தி போட்டா என்னங்க?”

வேகமான வழிதான், ஒரே நாளில் முதல் பக்கம். ஆனால் மாட்டினால் பத்திரிகை அட்டை காப்பாற்றாது. 2003-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர், அட்டைப்பெட்டி அறுக்கும் கத்திகளை விமானங்களில் ஒளித்துவைத்துவிட்டு, அதிகாரிகளுக்குத் தானே மின்னஞ்சலும் அனுப்பினார். அப்படியும் வழக்கு வந்தது; 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 100 மணி நேரச் சமூக சேவை. 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரகசியப் பதிவு செய்த பத்திரிகையாளர் பக்கம் நின்றதே என்பார்கள். சரி, அது லஞ்ச விவகாரம். அங்கே கொண்டுபோனது கேமரா, கத்தியல்ல.

2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் தகவல் கேட்டு மனு போடுவது மெதுவான வழி. 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள். அதிலும் சோதனை செய்யும் மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் புகார் என்றால்தான் வாய் திறக்கும். அப்புறம் நாடாளுமன்றப் பதில்கள், தணிக்கை அறிக்கைகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று அலைய வேண்டும். செருப்புத் தேயும், ராத்திரி வீட்டில் தூங்கலாம்.

என் ஓட்டு மனுவுக்குத்தான். போன தடவை அம்முச்சியின் சுருக்குப்பையில் கிடந்த பாக்குவெட்டி ஸ்கேனரில் தெரிந்து, தட்டைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள். வெற்றிலைக் கறை படிந்த வாயோடு அம்முச்சியே அத்தனை விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தம்பி என்ன சொல்வான்?