தெற்கே நீலாங்கரையா, வடக்கே எண்ணூரா: பாய்மரப் படகில் ஒரு பகல்

சென்னைத் துறைமுகத்திலிருந்து சிறிய பாய்மரப் படகில் காலையில் புறப்பட்டு அந்திக்குள் திரும்ப நினைப்பவர், தெற்கே போவதா வடக்கே போவதா என்பதைக் கரையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எண்ணூர் முகத்துவாரமும் நீலாங்கரையும் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 8, 9 கடல் மைல் தொலைவில் இருப்பதால், தூரத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. (கோவளம் வரை போகும் ஆசை பலருக்கும் வரும், மணிக்கு 4 கடல் மைல் ஓடும் படகு அங்கே போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடக்கூடும்.)

தீர்மானிப்பது காற்றுதான். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று வீசுகிறது. நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்து வலுக்கிறது. காலையில் தெற்கே போனவரை அந்தக் காற்றே பின்னிருந்து தள்ளி வீடு சேர்க்கும். வடக்கே போனவரோ, உடல் களைத்த பிற்பகலில், எதிர்க்காற்றில் மாறிமாறிப் பாய் திருப்பி, இருமடங்கு நேரம் செலவிட்டு வர வேண்டியிருக்கும்.

கரையின் தன்மையும் தெற்குக்கே சாதகமாக இருக்கிறது. இக்கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்ததால் மெரினா அகன்றது, மணல் கிடைக்காத ராயபுரமும் அதற்கு வடக்கே உள்ள கரையும் அரிக்கப்பட்டு, இன்று கருங்கல் கொட்டிக் காக்கப்படுகின்றன. கடற்காற்று படகைக் கரையை நோக்கி ஒதுக்கும்போது, சுக்கான் உடைந்தால், பாறையில் மோதுவதைவிட மணலில் தட்டுவது மேல். ஆனால் மணற்கரையிலும் அலை மடியும் இடத்தில் படகு கவிழக்கூடும் என்பதால், நங்கூரமும் நீண்ட கயிறும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

காட்சியைப் பொறுத்தவரை, தெற்கில் சாந்தோம் தேவாலயக் கோபுரமும் கலங்கரை விளக்கமும் அடையாளம் காட்டும். வடக்கில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். தெற்கில் நொச்சிக்குப்பத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் எதிரே விரித்திருக்கும் வலைகளின் மிதவைகளைக் கவனித்து விலக வேண்டும். காசிமேட்டு விசைப்படகுகளின் நெரிசல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வடக்கில் குறையும் என்றாலும், அப்போதுதான் தென்காற்றும் ஓங்கி வீசுகிறது.

வடக்குக்கு உரிய மாதம் ஜனவரி. வாடைக்காற்றை எதிர்த்துக் காலையிலேயே எண்ணூர் போய்விட்டால், திரும்பும் வழி எளிது. அதே நாளில் நீலாங்கரைக்குப் போனவர்தான் மாலையில் காற்றோடு போராடுவார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகை இரண்டு திசைக்கும் எடுக்க வேண்டியதில்லை.