மனி ஹெய்ஸ்ட்: ஊடக வகுப்புக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

தொலைக்காட்சித் தொடரைப் பகுத்துப் பார்ப்பது எப்படி என்று விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு கொள்ளைக் கதைதான் எடுக்கலாம் என்றால், நான் ‘மனி ஹெய்ஸ்ட்’டை எடுப்பேன். அதிலும் முதல் இரண்டு பாகங்கள் போதும். இரண்டாம் ஆண்டுக்கு இதை வைத்துத்தான் பாடம் நடத்திவருகிறேன். கதை, கேமரா, நிறம், தொழில், அரசியல் என்று எந்தப் பக்கம் போனாலும் பேச விஷயம் இருக்கிறது, கோபப்படவும் இருக்கிறது. முடிவுகள் உட்பட எல்லாவற்றையும் உடைத்துத்தான் எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் இது யாருடைய சரக்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் தொடர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது 2017 மே 2 அன்று ஸ்பெயினின் ஆன்டெனா 3 சேனலில் தொடங்கிய தொடர். உருவாக்கியவர் ஆலெக்ஸ் பினா. மொத்தம் 15 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 நிமிடம். ஸ்பெயினில் இரவு நேரத் தொடர்களுக்கு அது சாதாரண நீளம். முதல் நாள் 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நவம்பரில் முடிந்தபோது அதில் பாதிகூட இல்லை. எழுதியவர்களும் நடித்தவர்களும் கதை முடிந்தது என்றே கலைந்துபோனார்கள். பிறகு நெட்ஃப்ளிக்ஸ் உரிமையை வாங்கி, 15 எபிசோடை 22 ஆக வெட்டி, 50 நிமிட அளவுக்குக் கொண்டுவந்து, 2017 டிசம்பர் 20 அன்று முதல் 13-ஐ வெளியிட்டது. பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே பரவியது. 2018 ஏப்ரலில் ஆங்கிலம் அல்லாத தங்கள் தொடர்களில் அதிகம் பார்க்கப்பட்டது இதுதான் என்று நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான இன்டர்நேஷனல் எம்மியும் கிடைத்தது.

இந்த வெட்டு வகுப்புக்குக் கிடைத்த பெரிய வரம். ஒரே படப்பிடிப்புதான், ஆனால் 15 முடிவுகள் இருந்த இடத்தில் 22 முடிவுகள். அப்படியென்றால் எழுத்தாளர் ‘தொடரும்’ போட நினைக்காத ஏழு இடங்களிலாவது இப்போது ‘தொடரும்’ விழுகிறது. மாணவர்களிடம் ஒரு எபிசோடைக் கொடுத்து, இந்த முடிவு எழுத்தில் இருந்ததா, எடிட்டிங் மேஜையில் பிறந்ததா என்று வாதாடச் சொல்லுங்கள். விளம்பர இடைவேளைக்காக எழுதப்பட்ட சின்னச் சின்ன உச்சங்கள் விளம்பரமே இல்லாத தளத்திலும் அப்படியே நிற்பது அவர்கள் கண்ணில் படும். ஊடகத் தொழில் பற்றிய பாடப்புத்தக அத்தியாயம் ஒன்றை நடத்துவதைவிட இந்த ஒரு பயிற்சி அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

கதைக்கு வருகிறேன். வழக்கமான கொள்ளைக் கதையில் உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் சவால். இங்கே உள்ளே இருப்பதுதான் கொள்ளை. பேராசிரியர் என்று அழைக்கப்படும் ஆள் மாட்ரிட்டின் நாணயச்சாலைக்குள் எட்டுப் பேரை அனுப்புகிறார். அவர்கள் எடுத்துக்கொண்டு ஓட வரவில்லை. மாட்டிக்கொண்ட திருடர்கள் என்று போலீஸை நம்பவைத்துவிட்டு, 67 பணயக்கைதிகளோடு உள்ளே உட்கார்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத புது யூரோ நோட்டுகளை அச்சடிக்கப்போகிறார்கள். போலீஸ் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குக் காசு. இலக்கு 240 கோடி யூரோ. இந்த ஒரு யோசனையில்தான் தொடரின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இருக்கிறது. காலத்தை இழுப்பதே கொள்ளையர்களின் வேலை. எழுத்தாளர்களின் வேலையும் அதுவே. அதனால் கதை நீள்வது நமக்குக் குறையாகத் தெரிவதில்லை. வடிவமும் பொருளும் ஒன்றாக நிற்பதற்கு உதாரணம் கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுகிறேன்.

முதல் எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கொள்ளையர்களில் ஒருத்தியான டோக்கியோவின் குரலில் தொடங்குகிறது. முந்தைய கொள்ளையில் காதலனைப் பறிகொடுத்தவள், போலீஸ் தேடும் பெண், அம்மாவைப் பார்க்கக் கிளம்புகிறாள். வழியில் ஒரு பழைய சிவப்புக் கார் பக்கத்தில் வந்து நிற்கிறது. காருக்குள் டை கட்டி, கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவம் உள்ள ஒரு மனிதர். போகும் இடத்தில் போலீஸ் காத்திருக்கிறது என்று சொல்லிக் காப்பாற்றுகிறார். அடுத்து டொலேடோ பக்கம் ஒரு பண்ணை வீட்டில் மேஜை நாற்காலி போட்ட வகுப்பறை. பேராசிரியர் கரும்பலகையில் சாக்பீஸால் ‘பியென்வெனிதோஸ்’, அதாவது நல்வரவு என்று எழுதுகிறார். பெயர் கேட்கக் கூடாது, சொந்த விஷயம் பேசக் கூடாது, தங்களுக்குள் உறவு கூடாது என்பது விதி. அதனால்தான் ஊர்ப் பெயர்கள். அந்த எபிசோடு முடிவதற்குள் டோக்கியோ சக கொள்ளையன் ரியோவோடு சேர்ந்துவிட்டாள் என்பது நமக்குத் தெரிகிறது. ரியோ மேல் குண்டு உரசியதும் அவள் போலீஸை நோக்கிச் சுடவும் செய்கிறாள். விதி எழுதப்பட்ட பலகையும் விதி உடையும் வாசலும் ஒரே எபிசோடில்.

அந்த வகுப்பறையை விடாமல் பின்தொடருங்கள். திட்டம் நமக்கு முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை. நாணயச்சாலையில் ஏதோ கெட்டுப்போய் இனி அவ்வளவுதான் என்று தோன்றும்போது டொலேடோவுக்கு வெட்டு விழுகிறது. இது நடக்கும் என்று பேராசிரியர் ஏற்கெனவே பாடம் எடுத்திருக்கிறார். முதல் இரண்டு பாகங்களில் இந்த உத்தி கச்சிதமாக வேலை செய்யக் காரணம், பேராசிரியர் எதிர்பார்க்காத ஒன்றும் கூடவே வளர்கிறது: காதல். அதற்குப் பாடம் இல்லை. பின்னால் வந்த பாகங்களில் இதே உத்தி தளர்ந்துவிட்டது. எந்த முட்டுச்சந்தில் மாட்டினாலும் பழைய பாடம் ஒன்று வந்து நிற்கும் என்று தெரிந்தபிறகு பதற்றம் எங்கிருந்து வரும்?

நிறத்தைப் பற்றி ஒன்று. கலை இயக்கத்தில் சிவப்பைத் தலைமை நிறமாக்கி, சுற்றியிருப்பதைச் சாம்பலும் இருட்டுமாக வைத்திருக்கிறார்கள். கொள்ளையர்களின் சிவப்பு முழு உடையும் ஸ்பானிஷ் ஓவியர் டாலியின் முக முகமூடியும் வெறும் அடையாளமாக நின்றுவிடவில்லை. கைதிகளுக்கும் அதே உடை, அதே முகமூடி, கையில் பொம்மைத் துப்பாக்கி. மொட்டைமாடியில் கைதிகளில் ஒருவனான நாணயச்சாலை இயக்குநர் அர்த்தூரோவை அப்படிப் பார்க்கும் போலீஸ், கொள்ளையன் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. குறி ஒன்று, குறிக்கப்படும் பொருள் இரண்டு. நடுவில் ஒரு குண்டு. குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று பார்க்கும் குறியியலை இவ்வளவு நேராக ஒரு சம்பவமாக்கிய காட்சி எனக்கு வேறு கிடைத்ததில்லை. வகுப்பில் இந்தக் காட்சி முடிந்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அதே அர்த்தூரோவை வைத்து ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அவன் ஆபீஸுக்கு வந்திருக்கான். துப்பாக்கி காட்டிப் பிடிச்சு வச்சிருக்காங்க. தப்பிக்கப் பார்க்குறான். நாம ஏன் அவனைத் திட்டுறோம்?” அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் இதில்தான் போனது. நாட்டுப்புறக் கதைகளின் பாத்திரங்களை நாயகன், வில்லன் என்று வகைபிரித்த ரஷ்ய அறிஞர் ப்ராப்பின் பாத்திர வகைகளைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வில்லன் யார் என்று தேடினால் அர்த்தூரோதான் கிடைக்கிறான். கோழை, மனைவி இருக்கும்போதே செயலாளர் மோனிகாவைக் கர்ப்பமாக்கியவன், மற்ற கைதிகளை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே நிற்பவன். இத்தனையையும் அவன் தலையில் ஏற்றியதால் நியாயமாகப் பணயக்கைதிகளுக்குப் போகவேண்டிய நம் பரிவு கொள்ளையர்கள் பக்கம் போகிறது. பார்வையாளரை ஒரு பக்கம் உட்காரவைப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

இரண்டாம் பாகத்தின் இறுதியில் பேராசிரியரின் மறைவிடத்தில் நடக்கும் உரையாடல்தான் தொடரின் இதயம். கொள்ளையை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ரக்கேல் அவரைக் கண்டுபிடித்து வந்திருக்கிறாள். அவர் கேட்கிறார்: ஐரோப்பிய மத்திய வங்கி 2011-இல் 17,100 கோடி, 2012-இல் 18,500 கோடி, 2013-இல் 14,500 கோடி யூரோவை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கியதே, அந்தப் பணம் எங்கே போனது? வங்கிகளுக்கு. யாராவது அவர்களைத் திருடர்கள் என்றார்களா? ஒரு நோட்டை எடுத்து அவள் முன்னால் கிழிக்கிறார். இது வெறும் காகிதம் என்கிறார். இந்தப் பேச்சு ஸ்பெயினில் எப்படி விழுந்திருக்கும் என்பதை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். 2011 மே 15 அன்று தொடங்கி மாட்ரிட்டின் புயெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் மக்கள் எதிர்ப்பாகக் கூடாரம் போட்டு உட்கார்ந்த நாடு அது. 2013-இல் வேலையின்மை 26 சதவீதத்தைத் தாண்டியது. கடன் கட்ட முடியாத குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டன. அந்த நாட்டுக்காரர் காதில் இது கதாநாயகனின் வசனமாக மட்டும் விழுந்திருக்காது.

ஆனாலும் அந்தக் காட்சியில் ஒரு தந்திரம் இருக்கிறது. ரக்கேல் கேட்க வேண்டியது ஐரோப்பிய வங்கி பற்றி அல்ல. கணவனிடம் அடிபட்டு வெளியே வந்தவள் அவள். புகார் கொடுத்தபோது சக போலீஸாரே நம்பவில்லை. சால்வா என்று பொய்ப்பெயர் சொல்லி ஒரு காபிக் கடையில் பழகி, படுக்கைவரை வந்து, வழக்கைத் திசைதிருப்பியவன் இவன். அந்தத் தனிப்பட்ட துரோகத்துக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். பொருளாதாரப் பேச்சு அதன் மேல் போர்வை போர்த்திவிடுகிறது. பேச்சு சரியானது என்பதால் பேசுகிறவனும் சரியானவனாகிவிடுகிறான். இந்தக் காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறை போட்டு, ரக்கேலின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுவேன்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது பெர்லின் என்ற கொள்ளையன் விஷயத்தில். அரியாத்னா என்ற பணயக்கைதி உயிர்ப்பயத்தில் அவனுக்கு இணங்குகிறாள்; விருப்பமே இல்லை என்று மோனிகாவிடம் சொல்லவும் செய்கிறாள். அது வன்புணர்ச்சிதான். தொடருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவனுக்கு வீர மரணம் கொடுக்கிறது. மூன்றாம் பாகத்திலிருந்து பிளாஷ்பேக்கில் பேராசிரியரின் கவித்துவமான அண்ணனாகத் திரும்பக் கொண்டுவருகிறது. 2023-இல் அவன் பெயரிலேயே தனித் தொடரும் வந்தது. பெர்லினாக வரும் பெத்ரோ அலோன்சோவின் நடிப்பு அவ்வளவு கவர்ச்சி, ஒப்புக்கொள்கிறேன். அரியாத்னாவுக்கு என்ன ஆனது என்று ரசிகர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? பெண் சித்திரிப்பு பற்றிய கட்டுரைகளில் இன்னொரு கொள்ளைக்காரி நைரோபியின் ‘இனி தாய்வழி ஆட்சி’ வசனத்தையே எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள். அரியாத்னாவைப் பற்றி எழுதிய தாளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

மூன்றிலிருந்து ஐந்து வரையிலான பாகங்கள் 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை வந்தன. பணம் நிறைய, வெடி நிறைய. ஸ்பெயின் வங்கியின் தங்கத்தை உருக்கும் பகுதி பார்க்க அருமை. நான்காம் பாகத்தை முதல் நான்கு வாரத்தில் 6.5 கோடி வீடுகள் பார்த்தன என்றது நெட்ஃப்ளிக்ஸ். வகுப்புக்கு இதில் உருப்படியாகக் கிடைப்பது இரண்டு. ஒன்று, கூட்டம். முதல் இரண்டு பாகங்களில் மக்கள் பெரும்பாலும் செய்தித் திரையில்தான் இருந்தார்கள். தொடர் உலகம் சுற்றி, லெபனான், ஈராக் போராட்டங்களில் டாலி முகமூடிகள் தெரிந்த அதே 2019-இல் வந்த மூன்றாம் பாகத்தில், முகமூடி போட்ட கூட்டமே வங்கி வாசலில் நிற்கிறது. ஆகாயக் கப்பலிலிருந்து மாட்ரிட் மேல் பணம் கொட்டுகிறது. ரசிகர்களைக் கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பின் சின்னம் ஒரு பெரிய நிறுவனத்தின் வியாபாரச் சின்னமாகவும் ஆனது. இரண்டாவது, டோக்கியோ ஐந்தாம் பாகத்தின் நடுவில் இறந்தபிறகும் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அப்படியானால் இத்தனை நாளும் இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? கதைசொல்லி பற்றிய பாடத்துக்கு இந்தக் கேள்வி ஒன்றே ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

நடைமுறையாகச் சில. நேரம் குறைவு என்றால் முதல் பாகத்தின் முதல் எபிசோடு, அர்த்தூரோ சுடப்படும் எபிசோடு, இரண்டாம் பாகத்தின் கடைசி இரண்டு, இவை போதும். உடலுறவுக் காட்சியும் ரத்தமும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கு வேண்டாம், கல்லூரியிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள். 2021-இல் தமிழ் டப்பிங்கும் வந்துவிட்டது. வீட்டில் முழுத் தொடரையும் ஓட்டிப் பார்க்க அது வசதி. பகுப்பாய்வுக்கு ஸ்பானிஷ் ஒலியும் எழுத்து வசனமும்தான். டோக்கியோவாக வரும் ஊர்சுலா கொர்பெரோவின் அந்த அவசரமான, தாழ்ந்த குரல்தான் தொடரின் கதைசொல்லி. அதை மாற்றிவிட்டால் பாதிப் பாடம் போய்விடும்.